மல்டிகாஸ்ட்: குழுப் பரப்பலும் ஸ்விட்சும்

மல்டிகாஸ்ட் என்பது கணினி வலையமைப்பில் ஒரு தகவலை ஒரே முறை அனுப்பி, அதைக் கேட்டவர்களுக்கு மட்டும் கொண்டுசேர்க்கும் முறை. தமிழில் இதைக் குழுப் பரப்பல் என்பர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல் அனுப்புவது யூனிகாஸ்ட். வேண்டும் என்றவருக்கும் வேண்டாம் என்றவருக்கும் சேர்த்தே அனுப்புவது பிராட்காஸ்ட். மல்டிகாஸ்ட் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தொலைக்காட்சி நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகள், பங்குச் சந்தைகள், கண்காணிப்புக் கேமரா அமைப்புகள் ஆகியவை இன்று இதை நம்பி இயங்குகின்றன.

திருவாரூர் மாவட்டத்தின் வலங்கைமான் போன்ற டெல்டா ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அடிப்படை எளிதில் விளங்கும். வலங்கைமானை ஒட்டி ஓடும் குடமுருட்டி, கல்லணைக்குக் கீழே காவிரியிலிருந்து பிரிந்து வரும் ஆறு. மேட்டூரிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் யாரும் தனி வாய்க்கால் வெட்டவில்லை. வழி எதுவரை பொதுவாக இருக்கிறதோ அதுவரை ஒரே ஆறு. பிரிய வேண்டிய இடத்தில் ஒரு மதகு. அதற்கு அப்பால் கிளை வாய்க்கால். மல்டிகாஸ்டும் இப்படித்தான் செல்கிறது. ஒப்புமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது. தண்ணீர் பிரியப் பிரியக் குறையும். தகவல் பிரியும் இடத்தில் நகலெடுக்கப்படும், குறையாது. தலைமடைக்குக் கிடைக்கும் அதே அளவு கடைமடைக்கும் கிடைக்கும்.

ஆனால் இரண்டிலும் உள்ள சிக்கல் ஒன்றுதான். எந்த மதகைத் திறக்க வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்பது மதகில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? மல்டிகாஸ்டின் நாற்பதாண்டு வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறாகவே இருக்கிறது.

ஒரே கம்பியில் எல்லோரும்

ஈதர்நெட் 1973 இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் அவரது தோழர்களும் உருவாக்கியது. ஒரு தடித்த கம்பி கட்டடம் முழுவதும் ஓடும். எல்லாக் கணினிகளும் அதில் செருகப்பட்டிருக்கும். ஒன்று பேசினால் அத்தனைக்கும் கேட்கும். தன் முகவரி இருந்தால் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் விட்டுவிடும். இத்தகைய கம்பியில் ஒருவருக்கு அனுப்புவதற்கும் நூறு பேருக்கு அனுப்புவதற்கும் செலவு ஒன்றே. 1980 இல் டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் வெளியிட்ட ஈதர்நெட் தரத்திலேயே, முகவரியின் முதல் எட்டு பிட்டுகளில் ஒரு பிட் 'இது ஒருவருக்கா, குழுவுக்கா' என்பதைக் காட்ட ஒதுக்கப்பட்டது.

ஆகவே குழுவுக்கு அனுப்புவது தொடக்கத்தில் சிக்கலாகவே தோன்றவில்லை. கம்பி பல துண்டுகளாகப் பிரிந்து ரூட்டர்களால் இணைக்கப்பட்டபோதுதான் அது சிக்கலானது.

டீரிங்கின் விடை

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் செரிட்டனின் மாணவராக இருந்தவர் ஸ்டீவ் டீரிங். அங்கே உருவான 'வி' என்ற பரவல் இயங்குதளத்தில், பல கணினிகளில் ஓடும் நிரல்கள் குழுவாகச் சேர்ந்து பேசிக்கொள்ளும் வசதி இருந்தது. ஒரே ஈதர்நெட்டுக்குள் இருக்கும்வரை அது வேலை செய்தது. ரூட்டரைத் தாண்டியும் அக்குழுக்கள் இயங்க என்ன செய்வது என்று தேடியதிலிருந்தே ஐ.பி. மல்டிகாஸ்ட் பிறந்தது. இருவரும் 1985 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 966 என்ற ஆவணத்தில் இதன் முதல் வடிவத்தை முன்வைத்தனர். சில திருத்தங்களுக்குப் பின் 1989 ஆகஸ்டில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1112 தரநிலையாக நிலைத்தது.

டீரிங் செய்த முக்கியமான தேர்வு, பொறுப்பை அனுப்புபவரிடமிருந்து பெறுபவரிடம் மாற்றியது. அனுப்புபவர் ஒரு குழு எண்ணுக்கு அனுப்பிவிட்டு விலகிவிடுகிறார். குழுவில் யார் யார், எத்தனை பேர் என்ற பட்டியல் அவரிடம் இல்லை. வேண்டியவர் தன் பக்கத்து ரூட்டரிடம் 'இந்தக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்' என்று சொல்லிக்கொள்கிறார். இந்தச் சிறு உரையாடலுக்கான நெறிமுறைதான் ஐ.ஜி.எம்.பி. குழு எண்களுக்கென்று 224.0.0.0 முதல் 239.255.255.255 வரையிலான முகவரிகள் ஒதுக்கப்பட்டன. ஒரு வானொலி அலைவரிசை எண்ணைப் போல இவை எந்தக் கணினிக்கும் சொந்தமல்ல. திருப்பி வைத்தவருக்குக் கேட்கும்.

இந்த எண்களை ஈதர்நெட் முகவரிகளாக மாற்றுவதில் ஒரு வேடிக்கையான கதை சொல்லப்படுவதுண்டு. டீரிங்கிற்கு ஈதர்நெட் முகவரித் தொகுதிகள் பதினாறு தேவைப்பட்டனவாம். ஒரு தொகுதியின் விலை ஆயிரம் டாலர். மேலாளராக இருந்த ஜான் போஸ்டல் ஒன்றை மட்டும் வாங்கி, அதிலும் பாதியைத்தான் டீரிங்கிற்குக் கொடுத்தாராம். கதை எப்படியோ, விளைவு இன்றும் தரநிலையில் இருக்கிறது. குழு எண்ணில் மாறக்கூடிய 28 பிட்டுகளில் 23 மட்டுமே ஈதர்நெட் முகவரிக்குள் போகின்றன. எஞ்சிய 5 பிட்டுகள் விழுந்துவிடுவதால், 32 வெவ்வேறு குழுக்கள் ஒரே ஈதர்நெட் முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. 224.1.1.1 என்ற குழுவும் 239.1.1.1 என்ற குழுவும் ஈதர்நெட் அளவில் ஒன்றே. முகவரித் திட்டம் வகுப்பவர் இதை அறியாவிட்டால் பின்னால் தொல்லைப்படுவார்.

எம்போன் காலம்

1992 மார்ச்சில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் கூட்டம் நடந்தது. அங்கே பேசப்பட்டவை மூன்று கண்டங்களில் 20 இடங்களுக்கு இணையம் வழியாக ஒலிபரப்பாயின. அன்றைய ரூட்டர்களில் பெரும்பாலானவை மல்டிகாஸ்ட் அறியாதவை. ஆகவே அதை அறிந்த கணினிகளுக்கிடையே சுரங்கம் போட்டதுபோல் தனி இணைப்புகள் ஏற்படுத்தப்பட்டன. இணையத்தின் மேல் படிந்த இந்த இரண்டாவது வலைக்கு 'எம்போன்' என்று பெயர். 1994 நவம்பரில் டல்லஸ் நகரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் நடத்திய இசை நிகழ்ச்சியின் ஒரு பகுதியும் இதில் ஒளிபரப்பானது. இந்தியாவில் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு வழங்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் என்பதை நினைத்தால், எம்போன் எவ்வளவு முன்கூட்டி வந்தது என்பது புரியும்.

எம்போன் பயன்படுத்திய வழியறிதல் முறை, முதலில் எல்லா மதகுகளையும் திறந்துவிட்டு, 'எங்களுக்கு வேண்டாம்' என்று யாராவது வந்து சொன்னால் அந்த மதகை மட்டும் அடைப்பது. சிறிது நேரம் கழித்து மறுபடியும் எல்லாம் திறக்கும்; மறுபடியும் வேண்டாதவர் வந்து சொல்ல வேண்டும். இருபது இடங்களுக்கு இது சரி. இருபதாயிரம் இடங்களுக்கு ஆகாது. பின்னர் வந்த 'பிம் ஸ்பார்ஸ்' முறை இதைத் தலைகீழாக்கியது: எல்லா மதகும் மூடியே இருக்கும், கேட்டவருக்குத்தான் திறக்கும். அனுப்புபவரும் பெறுபவரும் முதலில் சந்தித்துக்கொள்ள ஒரு பொது இடம் குறிக்கப்பட்டது. 1997 இல் முதலில் ஆவணமான இம்முறை பல திருத்தங்களுடன் இன்றும் புழக்கத்தில் உள்ளது.

ஆயினும் திறந்த இணையத்தில் மல்டிகாஸ்ட் வேரூன்றவில்லை. தொழில்நுட்பத்தைவிடக் கணக்கு வழக்கே இதற்குப் பெரிய காரணம். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் அனுப்பும் ஒரு பாக்கெட்டை இன்னொரு நிறுவனம் தன் வலையில் ஆயிரம் நகல்களாக்கிச் சுமந்தால், அதற்கு யார் யாருக்குப் பணம் தருவது? குழுவில் எவரும் சேரலாம், எவரும் அனுப்பலாம் என்ற டீரிங்கின் தாராளம், யாரோ ஒருவர் குப்பையை அனுப்பினால் அது எல்லோருக்கும் போய்ச்சேரும் என்பதையும் உடன் கொண்டுவந்தது. நடுவில் இருந்த ஒவ்வொரு ரூட்டரும் ஒவ்வொரு குழுவைப் பற்றியும் நினைவில் வைத்திருக்க வேண்டியும் இருந்தது. ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள வலையில் இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல ஓர் ஆள் இருப்பார். நாடுகளைக் கடந்த இணையத்தில் அப்படி ஓர் ஆள் இல்லை.

ஸ்விட்ச் வந்த பின்

எம்போன் உலகைச் சுற்றிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கட்டடங்களுக்குள் வேறொரு மாற்றம் நடந்தது. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜும் லாரி பிளேரும் சிலிக்கன் பள்ளத்தாக்கில் தொடங்கிய நிறுவனம் கல்பனா. பரத்வாஜின் மனைவி பெயர் அது. 1990 இல் இந்நிறுவனம் 'ஈதர்ஸ்விட்ச்' என்ற பெயரில் ஏழு போர்ட்டுகள் கொண்ட கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஸ்விட்ச் என்ற சொல் ஈதர்நெட் உலகில் நிலைபெற இந்தக் கருவியும் ஒரு காரணம். 1994 இல் சிஸ்கோ நிறுவனம் கல்பனாவை வாங்கியது.

ஸ்விட்ச் செய்வது எளிய வேலை. ஒவ்வொரு போர்ட்டிலிருந்தும் வரும் பாக்கெட்டில் அனுப்பியவர் முகவரியைப் பார்த்து, 'இந்த ஆள் இந்த வாசலில் இருக்கிறார்' என்று குறித்துக்கொள்ளும். பிறகு அவருக்கு எதுவும் வந்தால் அந்த வாசலில் மட்டும் விடும். குறிப்பில் இல்லாத முகவரி வந்தால் எல்லா வாசல்களிலும் விடும். ஒரே கம்பியில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலம் இத்துடன் முடிந்தது.

மல்டிகாஸ்டுக்குத் தொல்லை தொடங்கியதும் இங்கேதான். குழு முகவரி எப்போதும் பெறுநர் இடத்தில்தான் வரும்; அனுப்புநராக ஒரு குழு ஒருநாளும் பேசாது. ஆகவே ஸ்விட்ச் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தாலும் அந்த முகவரி எந்த வாசலில் இருக்கிறது என்று கற்றுக்கொள்ள வழியில்லை. தெரியாததை எல்லா வாசலிலும் விடுவது அதன் இயல்பு. கேட்டவருக்கு மட்டும் என்று பிறந்த மல்டிகாஸ்ட், ஸ்விட்சுக்குள் நுழைந்ததும் பிராட்காஸ்டாகிவிட்டது.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி, ஒட்டுக்கேட்பது. கணினி தன் ரூட்டரிடம் 'இந்தக் குழுவில் சேர்கிறேன்' என்று ஐ.ஜி.எம்.பி. செய்தி அனுப்பும்போது, அது ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. தனக்கு எழுதப்படாத அந்தக் கடிதத்தை ஸ்விட்ச் பிரித்துப் படித்து, எந்த வாசலில் எந்தக் குழு வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொள்கிறது. 'ஐ.ஜி.எம்.பி. ஸ்னூப்பிங்' என்பது இதன் பெயர். ஸ்னூப்பிங் என்றாலே மோப்பம் பிடிப்பது, துருவிப் பார்ப்பது என்றுதான் பொருள். அடுக்குகளைக் கலக்கக் கூடாது என்ற வலையமைப்பு இலக்கணத்தின்படி இது முறைகேடு. ஸ்விட்ச் ஈதர்நெட் முகவரியை மட்டும் பார்க்க வேண்டியது. உள்ளே உள்ள ஐ.பி. செய்தி அதற்குச் சம்பந்தமில்லாதது. சிஸ்கோ தன் கருவிகளுக்கென்று, ரூட்டரே ஸ்விட்சுக்குத் தகவல் சொல்லும் தனி நெறிமுறை ஒன்றை உருவாக்கிப் பார்த்தது. ஸ்விட்சும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும் ஒரு முறையை ஐ.இ.இ.இ. அமைப்பும் வகுத்தது. இரண்டும் பரவவில்லை. ஒட்டுக்கேட்பதே நிலைத்தது. எல்லா நிறுவனங்களும் ஆளுக்கொரு விதமாக அதைச் செய்துகொண்டிருந்த நிலையில், 2006 மே மாதம் ஆர்.எஃப்.சி. 4541 வெளிவந்தது. அதுவும் கட்டாயத் தரநிலை அல்ல, 'இப்படிச் செய்தால் நல்லது' என்ற பரிந்துரைதான்.

நான்கு நிமிடத்தில் நிற்கும் படம்

மேனேஜ்டு ஸ்விட்சில் மல்டிகாஸ்ட் அமைப்பவர்கள் உலகெங்கும் சந்திக்கும் கோளாறு ஒன்று உண்டு. ஸ்னூப்பிங் இயக்கப்படுகிறது, படம் அழகாக வருகிறது. பொறியாளர் மேசையை விட்டு எழுந்து போகிறார். நான்கு நிமிடம் கழிந்து படம் நின்றுவிடுகிறது. திரும்ப வந்து இணைப்பைத் துண்டித்துச் செருகினால் மறுபடி வருகிறது. மறுபடி நான்கு நிமிடத்தில் நிற்கிறது.

காரணம் ஐ.ஜி.எம்.பி. நெறிமுறையின் உள்ளேயே இருக்கிறது. குழுவில் சேர்ந்தவர் சொல்லாமல் போய்விடலாம். மின்சாரம் போகலாம், கம்பி அறுந்துபோகலாம். அதனால் யாராவது ஒருவர் அவ்வப்போது 'இன்னும் யாருக்கு வேண்டும்?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வழக்கமான இடைவெளி 125 விநாடி. இரண்டு முறை கேட்டும் பதில் இல்லை, அதற்கு மேல் 10 விநாடி பொறுத்தும் பதில் இல்லை என்றால், அதாவது 260 விநாடி கழிந்தால், அந்த வாசலின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கும். கேட்கும் இந்தப் பொறுப்பாளருக்கு 'குவெரியர்' என்று பெயர். டீரிங்கின் வடிவமைப்பில் இது ரூட்டரின் வேலை. ரூட்டரே இல்லாத சிறு வலையில், அல்லது மல்டிகாஸ்ட் இயக்கப்படாத ரூட்டர் உள்ள வலையில், கேட்க ஆளில்லை. கணினியும் கேட்காமல் பதில் சொல்லாது. ஸ்விட்ச் தன் கடமையைச் செய்து 260 விநாடியில் மதகை அடைத்துவிடுகிறது.

தீர்வு எளிது: ஸ்விட்சுகளில் ஒன்றையே குவெரியராக அமர்த்துவது. ஆனால் அங்கும் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வலையில் இருவர் கேட்கத் தொடங்கினால், ஐ.பி. முகவரியில் எண் சிறியவரே பொறுப்பேற்பார், மற்றவர் அடங்கிவிடுவார் என்பது 1997 இல் வந்த ஐ.ஜி.எம்.பி. இரண்டாம் பதிப்பின் விதி. திறமையோ இடமோ பார்க்கப்படுவதில்லை. வலையின் ஓரத்தில் யாரோ புதிதாகச் செருகிய மலிவான கருவிக்குத் தற்செயலாகச் சிறிய எண் அமைந்துவிட்டால், மைய ஸ்விட்ச் ஓய்வெடுத்துக்கொண்டு அதற்கு வழிவிடும். பின்னர் அந்தக் கருவியை யாராவது அணைத்தால், மைய ஸ்விட்ச் நிலைமையை உணர்ந்து மறுபடி கேட்கத் தொடங்கும்வரை சில நிமிடத் தடுமாற்றம் ஏற்படலாம். அனுபவசாலிகள் குவெரியருக்கென்று மிகச் சிறிய முகவரியை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது இதனால்தான்.

பதிப்புகளுக்கு இடையிலும் வேறுபாடுகள் உண்டு. முதல் பதிப்பில் குழுவை விட்டு விலகுவதைச் சொல்ல வழியே இல்லை. காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாம் பதிப்பில் விலகல் செய்தி வந்தது. முதலிரண்டு பதிப்புகளிலும், பக்கத்துக் கணினி 'எனக்கு வேண்டும்' என்று சொன்னதைக் கேட்டால் மற்றது வாயைத் திறக்காது, ஒருவர் சொன்னால் போதும் என்பதால். ஒரே கம்பிக் காலத்தில் இது நல்ல சிக்கனம். ஸ்விட்சுக்கோ ஒவ்வொரு வாசலும் வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும். ஆகவே ஒருவர் சொன்னதை மற்றவர் காதில் விழாமல் ரூட்டர் பக்கம் மட்டும் அனுப்ப ஸ்விட்சுக்குக் கற்றுத்தர வேண்டியதாயிற்று. 2002 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்பு இந்த அடக்கத்தையே நீக்கியது. 'இந்தக் குழு, அதிலும் இந்த அனுப்புநர் மட்டும்' என்று கேட்கும் வசதியையும் அது தந்தது.

'விரைவு விலகல்' என்ற அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். விலகல் செய்தி வந்த கணமே, மறுகேள்வி கேட்காமல் மதகை அடைப்பது அது. ஒரு போர்ட்டில் ஒரே செட்டாப் பாக்ஸ் இருந்தால் சேனல் மாற்றுவது சட்டென்று நடக்கும். அதே போர்ட்டின் கீழ் இன்னொரு சிறு ஸ்விட்ச் வைத்து இரண்டு பெட்டிகள் இருந்தால், ஒருவர் சேனல் மாற்றியதும் பக்கத்து அறையில் படம் நின்றுவிடும்.

முகவரிக் கதையின் எச்சமும் இங்கே வருகிறது. 224.0.0 என்று தொடங்கும் எண்கள் ரூட்டர்களின் சொந்தப் பேச்சுக்கானவை என்பதால் ஸ்விட்சுகள் அவற்றை வடிகட்டாமல் எல்லா வாசலிலும் விடுகின்றன. தனி வலைகளின் பயன்பாட்டுக்கென்று 239 இல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. புதியவர் ஒருவர் தன் முதல் சேனலுக்கு 239.0.0.1 என்று வைப்பார். அந்த 32-க்கு-1 கணக்கின்படி அது 224.0.0.1 உடன் ஒரே ஈதர்நெட் முகவரியில் விழும். ஈதர்நெட் முகவரியை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் ஸ்விட்சுகளில், ஸ்னூப்பிங் சரியாக இருந்தும் அந்த ஒரு சேனல் மட்டும் எல்லா வாசலிலும் வெள்ளமாகப் பாயும்.

கண்ட்ரோல் ரூமுக்குள்

டெல்டா மாவட்டங்களில் இந்தத் தொழில்நுட்பம் மக்களின் வாழ்க்கையைத் தொடும் இடம் கேபிள் தொலைக்காட்சி. 1990களில் கேபிள்காரர் ஒரு டிஷ் ஆன்டெனாவும் சில பெருக்கிகளும் வைத்துத் தெருத்தெருவாகக் கம்பி இழுத்த காலம் அது. சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கியது. அந்தக் கம்பி முழுமையான பிராட்காஸ்ட்: எல்லாச் சேனல்களும் எல்லா வீட்டுக்கும் போகும், வேண்டியதைத் தொலைக்காட்சிப் பெட்டி தேர்ந்தெடுக்கும். 2007 இல் தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் பதிவானது. தஞ்சாவூர், கோயம்புத்தூர், திருநெல்வேலி, வேலூர் ஆகிய ஊர்களில் அதன் கட்டுப்பாட்டு அறைகள் அமைந்தன. 2011 செப்டம்பர் 2 அன்று அச்சேவை மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மறுபடி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத் திருத்தம், கேபிள் தொலைக்காட்சியைக் கட்டம் கட்டமாக டிஜிட்டலுக்கு மாற்றியது. சிற்றூர்களை உள்ளடக்கிய நான்காம் கட்டத்துக்கு இறுதியாகக் குறிக்கப்பட்ட நாள் 2017 மார்ச் 31.

டிஜிட்டலுக்கு மாறியதும் வீட்டில் தெரிந்தது செட்டாப் பாக்ஸ் மட்டும்தான். பெரிய மாற்றம் கண்ட்ரோல் ரூமுக்குள் நிகழ்ந்தது. அங்கே இப்போது ஒவ்வொரு சேனலும் ஒரு மல்டிகாஸ்ட் குழு. செயற்கைக்கோளிலிருந்து இறங்கும் படம் 188 பைட் துண்டுகளாக வரும். ஏழு துண்டுகளைச் சேர்த்து 1316 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டாக்கி, ஒரு குழு எண்ணுக்கு அனுப்புவது வழக்கம். அதே சேனலைச் சங்கேதப்படுத்தும் கருவி எடுத்துக்கொள்ளும். கண்காணிப்புத் திரை எடுத்துக்கொள்ளும். கேபிளுக்கான அலையாக மாற்றும் கருவி எடுத்துக்கொள்ளும். இவை எல்லாவற்றுக்கும் நடுவில் இருப்பது ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச்.

சேனல் ஒன்றுக்கு நொடிக்கு 3 மெகாபிட் என்று வைத்து, 300 சேனல்கள் என்று கொண்டால், மொத்தம் 900 மெகாபிட். ஸ்னூப்பிங் இல்லாத ஸ்விட்ச் இந்த 900 மெகாபிட்டையும் ஒவ்வொரு வாசலிலும் கொட்டும். 1000 மெகாபிட் வாசல் மூச்சுத்திணறும். கருவிகளை நிர்வகிக்க வைத்திருக்கும் 100 மெகாபிட் வாசல் முழுகியே போகும். அப்போது கருவிக்குள் நுழைந்து கோளாறைச் சரிசெய்யும் வழியும் சேர்ந்தே அடைபட்டிருக்கும். ஸ்னூப்பிங் இருந்து குவெரியர் இல்லாவிட்டால் இதற்கு நேர்மாறு: நான்கு நிமிடத்தில் எல்லாம் வறண்டுவிடும். ஒரு மாவட்டத்தின் வீடுகள் இருட்டாவதற்கு ஓர் அமைப்பில் ஒரு வரி விடுபட்டால் போதும். அதன் காரணம் கேபிள்காரரிடம் சண்டைக்குப் போகும் வீட்டுக்காரருக்கும் தெரியாது, கேபிள்காரருக்கும் தெரியாது.

கவனிக்க வேண்டியது, இந்த மல்டிகாஸ்ட் கண்ட்ரோல் ரூமின் சுவருக்குள் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து ஊர்களுக்கு வரும் கேபிள் பழையபடியே பிராட்காஸ்ட்தான். வீட்டுவரை மல்டிகாஸ்ட் வருவது ஐ.பி. தொலைக்காட்சிச் சேவைகளில் மட்டுமே.

முதலில் யார் கேட்டார்கள்

மல்டிகாஸ்ட் என்றால் செலவு மிச்சம் என்பதே பொதுவான எண்ணம். அதைவிடப் பெரிதான ஒன்றை இந்தியாவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது பங்குச் சந்தை.

மும்பையில் உள்ள தேசியப் பங்குச் சந்தை, தரகர்கள் தங்கள் சர்வர்களைச் சந்தையின் கட்டடத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வசதியை 2010 ஐ ஒட்டி வழங்கியது. ஒவ்வொரு ஆணையும் விலை மாற்றமும் உடனுக்குடன் அவர்களுக்கு அனுப்பப்பட்டது. அனுப்பிய முறை டி.சி.பி.; அதாவது ஒவ்வொரு தரகருக்கும் தனி இணைப்பு, தனி நகல். நம்பகமான முறைதான். ஆனால் ஒரு சர்வர் நூறு இணைப்புகளுக்கு ஒரே தகவலை அனுப்பும்போது, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்ப முடியும். வரிசையில் முதலில் இருப்பவருக்கு மற்றவர்களைவிடக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு முன்னதாகக் கிடைக்கும். கணினிகளே வாங்கி விற்கும் சந்தையில் அந்தச் சிறு பங்கு நேரத்துக்குப் பண மதிப்பு உண்டு.

2015 இல் இதுபற்றிய புகார்க் கடிதம் ஒன்று செபிக்கு வந்தது. நீண்ட விசாரணைக்குப் பின் 2019 ஏப்ரல் 30 அன்று செபி பிறப்பித்த உத்தரவு, தகவல் வரிசையாகப் போனதால் சமவாய்ப்பு இல்லாமல் போனதைச் சுட்டி, 624.89 கோடி ரூபாயை வட்டியுடன் செலுத்தச் சந்தையைப் பணித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 ஜனவரியில் அந்தத் தொகையை ரத்து செய்தது. உரிய கவனம் எடுத்துக்கொள்ளாததற்காக 100 கோடி ரூபாய் செலுத்தச் சொன்னது. இதற்கிடையே சந்தை தன் தகவல் ஓட்டத்தை மல்டிகாஸ்டுக்கு மாற்றியிருந்தது. அதன் பெயரே 'மல்டிகாஸ்ட் டிக் பை டிக்'.

மல்டிகாஸ்டில் சர்வர் ஒரே முறைதான் அனுப்புகிறது. நகலெடுப்பது ஸ்விட்சின் வன்பொருள். அது எல்லா வாசல்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் நடக்கிறது. முதலில் வந்து வரிசையில் நின்றவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. டி.சி.பி.யில் தொலைந்த பாக்கெட் தானாக மறுபடி வரும். மல்டிகாஸ்டில் தொலைந்தது தொலைந்ததுதான். ஆகவே ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் வரிசை எண் இடுவது, விடுபட்டதைத் தனியே கேட்டுப் பெறுவது, ஒரே தகவலை இரண்டு தனித் தடங்களில் அனுப்புவது ஆகிய ஏற்பாடுகளை உலகின் பெரிய சந்தைகள் செய்துகொள்கின்றன.

இன்று

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதிப் போட்டியை, ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடி பேர். அத்தனை கைபேசிகளும் ஒரே பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. மல்டிகாஸ்டுக்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இருக்க முடியாது. ஆனால் செயலிவழி ஒளிபரப்பு யூனிகாஸ்ட் முறையில் நடப்பது. ஒவ்வொரு கைபேசிக்கும் தனி நகல். நாடு முழுவதும் ஆங்காங்கே வைக்கப்பட்ட இடைநிலைச் சர்வர்கள் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. ஒரே தெருவில் பத்து வீடுகளில் அதே ஓவர் ஓடினால், தெருமுனைவரை பத்துத் தனி ஓட்டங்கள் வரும். ஒவ்வொருவரின் வலை வேகத்துக்கும் ஏற்பப் படத்தின் தரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நடுவில் நிறுத்திப் பின்னால் பார்க்கலாம். ஆளுக்கொரு விளம்பரம் காட்டலாம். இந்த வசதிகள் குழுவாகப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காதவை. ஒளியிழைக் கம்பிகளின் விலை சரிந்ததும் சேர்ந்துகொண்டதால், வீணாவதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

2020 ஆகஸ்டில் வந்த ஆர்.எஃப்.சி. 8815, வெவ்வேறு நிர்வாகங்களுக்கிடையே 'எவரும் அனுப்பலாம்' என்ற பழைய மல்டிகாஸ்ட் முறையைக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. அதற்குப் பதிலாக, பெறுபவர் குழு எண்ணோடு அனுப்புநரின் முகவரியையும் சேர்த்துச் சொல்லிக் கேட்கும் முறையையே பயன்படுத்தச் சொல்கிறது. கட்டடங்களுக்கும் கண்ட்ரோல் ரூம்களுக்கும் இந்த மாற்றம் கட்டாயமில்லை. அங்கே 1997 இன் இரண்டாம் பதிப்பு ஐ.ஜி.எம்.பி. பேசும் பழைய பெட்டிகளும் மூன்றாம் பதிப்பு பேசும் புதிய பெட்டிகளும் ஒரே ஸ்விட்சில் அருகருகே செருகப்பட்டிருக்கின்றன. 125 விநாடிக்கு ஒரு முறை, 'இன்னும் யாருக்கு வேண்டும்?' என்ற கேள்வி அவற்றுக்கிடையே போய்க்கொண்டிருக்கிறது.